கரிமணலுக்குள் இருந்த வெள்ளை

கன்னியாகுமரியில் சங்கும் பாசிமாலையும் விற்கும் கடைகளில் சிறு பொட்டலங்களில் மணலும் கிடைக்கும். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், வெளுப்பு என்று நிறத்துக்கு ஒரு பொட்டலம். கூடவே கதையும் சொல்வார்கள். சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரிக்கும் நடக்கவிருந்த கல்யாணம், நாரதர் சேவலாகக் கூவியதில் முகூர்த்தம் தப்பி நின்றுபோனது. விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் சமைக்க ஆளின்றிக் கிடந்து மணலாகிவிட்டன. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம். வெளுப்பு அரிசி, சிவப்பு துவரை, சரி, கறுப்பு எது? ஆச்சி யோசிக்கவே இல்லை. “தோலெடுக்காத உளுந்து” என்றாள்.

ஆச்சிக்கு வேதியியல் தெரியாது. ஆனாலும் அவள் சொன்னதை விடப் பொருத்தமாக இந்த மணலை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. அந்தக் கறுப்பு மணலின் பெயர் இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. இரும்பு என்ற தோலை உரித்துவிட்டால் மிஞ்சுவது டைட்டானியம் டை ஆக்சைடு, உளுந்தை விட வெள்ளையான ஒரு மாவு. வீட்டுச் சுவர், பற்பசை, காய்ச்சல் மாத்திரை, பிளாஸ்டிக் நாற்காலி, முகத்தில் பூசும் கிரீம் என்று மனிதன் வெள்ளையாக்கிய பொருட்கள் பெரும்பாலானவற்றில் அந்த மாவுதான் இருக்கிறது.

அந்தக் கறுப்பு மணல் கிளம்புவது மலையிலிருந்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைகளில் இல்மனைட் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது. வெயிலும் மழையும் பாறையை உதிர்க்க, வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் அதைக் கடலுக்கு இழுத்து வருகின்றன. அதற்கப்புறம் வேலை அலையுடையது. இல்மனைட் தண்ணீரைப் போல ஏறக்குறைய நாலே முக்கால் மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஏறி வரும் அலை எல்லாவற்றையும் கரையில் போடுகிறது, இறங்கும்போது லேசானதை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறது. முறத்தில் புடைக்கிற அதே சூட்சுமம். தென்மேற்குப் பருவக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் போனால் கரை மை கொட்டியதுபோல் கருத்திருப்பதைப் பார்க்கலாம். ஊரில் அதைக் கரிமணல் என்போம்.

தோலுரிப்பையும் இயற்கையே கொஞ்சம் தொடங்கி வைத்திருக்கிறது. சுத்தமான இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடின் பங்கு கணக்குப்படி 53 சதவீதத்துக்குள்தான் வர வேண்டும். மணவாளக்குறிச்சி மணலில் அது சுமார் 55. கொல்லம் பக்கத்துச் சவறாவில் 60 வரை போகிறது. காலங்காலமாக ஈரத்திலும் காற்றிலும் கிடந்து இரும்பு கசிந்து போனதால் வந்த உயர்வு அது.

இந்தப் பொருளை முதலில் இனம் கண்டவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மனாக்கன் என்ற ஊரின் ஓடையோரம் 1791இல் வில்லியம் கிரிகோர் கறுப்பு மணலைப் பார்த்தார். காந்தத்தில் ஒட்டிய அந்த மணலை அமிலத்தில் கரைத்துப் பிரித்தபோது இரும்போடு, அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகத்தின் வெண்ணிற ஆக்சைடும் இருப்பதைக் கண்டார். அங்கே மனாக்கன், இங்கே மணவாளக்குறிச்சி. பெயரொற்றுமை தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். 4 ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் கிளாப்ரோத் வேறொரு தாதுவில் அதே உலோகத்தைக் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரைச் சூட்டினார். பெயர் பெரிதாக இருந்ததே தவிர, அடுத்த நூறாண்டுக்கு மேல் அதற்குச் சொல்லும்படியான வேலை எதுவும் கிடைக்கவில்லை.

நம் கரைக்கு ஆள் வந்ததும் டைட்டானியத்தைத் தேடி அல்ல. ஐரோப்பியத் தெருக்களில் அப்போது எரிவாயு விளக்குகள் எரிந்தன. அவற்றின் மேன்டில், தோரியம் ஆக்சைடால் ஆன வலை. பெட்ரோமாக்ஸில் போடுவோமே, அதே மேன்டில்தான். கவுண்டமணி, செந்தில் புண்ணியத்தில் அது எவ்வளவு மெல்லியது என்று தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். தோரியம் மோனசைட் என்ற மணலில் இருக்கிறது. அந்த மணல் அன்று பிரேசிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறி வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கவனித்தார். கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு வந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையைத் தொடங்கினார். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் என்று ஆங்கிலேயர் அவரைக் கைது செய்ய, ஆலை வேறு கைகளுக்குப் போனது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956இல்தான் என்பதால் பழைய பதிவுகளில் எல்லாம் இந்த மணல் ‘திருவிதாங்கூர் மணல்’.

மோனசைட்டைப் பொறுக்கி எடுத்தபோது இல்மனைட் மலைபோல் மிஞ்சியது. வேண்டாத மணல். அதன் நேரம் வந்தது சுவரிலிருந்து.

வெள்ளைப் பெயின்ட் என்றால் அதுவரை ஈயவெள்ளை. சுவரில் அருமையாக உட்காரும், அதைத் தயாரித்தவர்களையும் பூசியவர்களையும் நஞ்சாகிக் கொல்லும். பிறகு வந்த துத்தநாக வெள்ளையில் நஞ்சு இல்லை, ஆனால் மறைக்கும் சக்தி குறைவு. 1916 வாக்கில் நார்வேயின் பிரெட்ரிக்ஸ்டாட்டிலும் அமெரிக்காவின் நயாகராவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டைட்டானியம் வெள்ளையைத் தொழிலாகத் தொடங்கினார்கள். நஞ்சில்லை, மறைப்பும் ஈயத்தைப் போலப் பல மடங்கு. 1922இல் திருவிதாங்கூர் இல்மனைட் கப்பலேறத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகம் வாங்கிய இல்மனைட்டில் பெரும்பகுதி இந்தக் கரையிலிருந்து போனதுதான். இரண்டாம் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து ஆபத்தானதும் அமெரிக்கர்கள் நியூயார்க் மாநிலத்து மலைகளில் சொந்தமாக டைட்டானியச் சுரங்கம் வெட்டினார்கள். அதோடு நம் ஏகபோகம் முடிந்தது.

இத்தனை தூரம் இந்த மணலைத் தேடி வருவதற்கு அந்த வெள்ளையில் என்ன இருக்கிறது? பதில் கடற்கரையிலேயே கிடைக்கிறது. கடல் நீரைக் கையில் அள்ளினால் நிறமில்லை. அதுவே நுரையானால் வெள்ளை. நீரும் காற்றும் மாறி மாறி வரும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி வளைந்து, சிதறி, திரும்பி வந்துவிடுகிறது. கண்ணாடியை மாஞ்சாவுக்கு இடித்தால் வெள்ளைப் பொடியாவதும் இதனால்தான். டைட்டானியம் டை ஆக்சைடும் பெரிய படிகமாக இருந்தால் கண்ணாடி போன்றதுதான். தூளானால் வெள்ளை.

அப்படியென்றால் சுண்ணாம்பே போதுமே? பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்புச் சுவரை மழையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நனைந்ததும் வெள்ளை மங்கி அடியில் இருக்கும் அழுக்கு தெரியத் தொடங்கும். ஒளியை வளைக்கும் திறனை ஒளிவிலகல் எண் என்பார்கள். தண்ணீருக்கு 1.33, சுவரில் காய்ந்த சுண்ணாம்புக்கு 1.6 அளவில், துத்தநாக வெள்ளைக்கு 2.0. எண்ணெயோ நீரோ சூழ்ந்தால் சுண்ணாம்புக்கும் சூழ்ந்த பொருளுக்கும் வித்தியாசம் குறைந்து ஒளி நேராக உள்ளே போய்விடுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடில் அனடேஸ் என்ற படிக வகைக்கு 2.5க்கு மேல், ரூட்டைல் என்ற வகைக்கு 2.7. வைரத்துக்கே 2.42தான். எண்ணெயில் குழைத்தாலும் பிளாஸ்டிக்கில் உருக்கி ஊற்றினாலும் அதன் வெள்ளை குறையாது. ஒரு நிபந்தனை உண்டு. துகள் 0.2 முதல் 0.3 மைக்ரான் வரை, அதாவது ஒளியலையின் நீளத்தில் சுமார் பாதி அளவுக்கு இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் வீண். பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் வெள்ளையே காணாமல் போய் ஊடுருவித் தெரியும், ஆனால் புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும். வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் பலவற்றில் இருப்பது அந்தச் சிறுத்த ரூபம்.

தோலுரிப்பதுதான் சிரமமான கட்டம். மணவாளக்குறிச்சியில் அருமணல் ஆலை செய்வது பிரிக்கும் வேலை. அதை 1965 முதல் இந்திய அரசின் நிறுவனம் நடத்துகிறது. இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும். அதே மணலில் கலந்திருக்கும் ரூட்டைல், சிர்கான் என்ற தாதுக்கள் இழுபடாது. அந்த இரண்டில் ரூட்டைல் மின்சாரம் கடத்தும், சிர்கான் கடத்தாது. இப்படிக் குணத்தை வைத்து ஒவ்வொன்றாக ஒதுக்குகிறார்கள். ரூட்டைல் என்பது இரும்பு கலக்காமல் இயற்கையே தந்த டைட்டானியம் டை ஆக்சைடு. பட்டறையில் பார்க்கும் வெல்டிங் ராடின் மேல்பூச்சில் அதுதான் பெருமளவு இருக்கிறது.

இல்மனைட்டிலிருந்து இரும்பைக் கழற்ற இரண்டு வழிகள். பழைய வழியில் அடர் கந்தக அமிலத்தில் மணலை வேகவிடுகிறார்கள். கொதித்து இறுகிக் கட்டியாகும் அதை நீரில் கரைத்துக் குளிரவிட்டால், இரும்பு பச்சைப் படிகமாகத் தனியே இறங்கும். அந்தப் பச்சைப் படிகம் நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அன்னபேதி. ரத்தசோகைக்குச் சித்த வைத்தியர் செந்தூரமாக்கித் தருவாரே, அதே பொருள். மீதிக் கரைசலைக் கொதிக்கவிட்டால் வெள்ளைக் குழம்பு படிகிறது. அதைக் கழுவி, சுழலும் சூளையில் 1,000 டிகிரி வாக்கில் சுட்டால் மாவு தயார். திருவனந்தபுரத்துக் கடலோரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் 1951 முதல் இந்த முறையில் அனடேஸ் செய்கிறது. புதிய வழி குளோரின் வழி. மணலைக் கரியோடு சேர்த்துக் குளோரினில் சுட்டு டைட்டானியம் டெட்ரா குளோரைடு என்ற திரவமாக்குகிறார்கள். காற்றுப் பட்டதும் வெண்புகை கக்கும் அந்தத் திரவத்தைப் போர்க்காலத்தில் புகைத்திரைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதைக் காய்ச்சி வடித்து ஆக்சிஜனில் எரித்தால் ரூட்டைல் மாவு. சவறா ஆலை 1984 முதல் செய்வது இந்த வகை.

கழற்றிய தோல் எங்கே போகிறது என்று கேட்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. அமில வழியில் வெள்ளையை விடக் கழிவுதான் அதிகம். இரும்பும் அமிலமும் கலந்த அந்தக் கழிவைப் பல நாடுகளில் கடலில்தான் கொட்டினார்கள். கடல் செந்நிறமாகிறது, மீன் விலகிப் போகிறது என்று திருவனந்தபுரத்து வேளிக் கரை மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குறை சொல்லி வந்தார்கள். மணல் எடுக்கும் ஊர்களின் கவலை வேறு. கரையை அள்ள அள்ளக் கடல் உள்ளே வருகிறது என்பது ஒன்று. மணலோடு கலந்த மோனசைட்டின் கதிரியக்கம் இன்னொன்று. இல்மனைட்டில் அந்தக் கதிரியக்கம் இல்லை, ஆனால் இரண்டும் ஒரே கரையில் கிடப்பவை. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வு, இந்தக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. இருந்தும் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தவர்களுக்கு அந்த ஆய்வின் வாசகம் ஆறுதல் தருவதில்லை. தமிழ்நாடு அரசு 2013இல் தனியார் தாதுமணல் எடுப்பதைத் தடை செய்தது. அண்மையில் கிள்ளியூர் வட்டாரத்தில் அரசு நிறுவனமே புதிதாக மணல் எடுக்கும் திட்டம் வந்தபோதும் கடலோர ஊர்கள் எதிர்த்து நின்றன. தேசத்துக்குத் தேவை என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உலக நிறமிச் சந்தையில் இன்று முதலிடம் சீனாவுக்கு. மணல் வைத்திருக்கும் நாம் ஆண்டுதோறும் நிறமியை இறக்குமதி செய்கிறோம். கரையை இழந்த பிறகும் மாவை விலைக்குத்தான் வாங்குகிறோம் என்றால், தேவை என்ற சொல்லை யாராவது கணக்குப் போட்டு விளக்க வேண்டும்.

ஆலையிலிருந்து கிளம்பிய மாவு எங்கெல்லாம் போகிறது என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு பெயின்டர். வீட்டுக்கு வெள்ளையடிக்க மலிவாக ஒரு வாளி வாங்கி வைத்திருந்தேன். ஒரு கோட்டு அடித்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தார். பழைய நீலம் அப்படியே தெரிந்தது.

“சார், இதுல வெறும் மாவுதான் இருக்கு. டைட்டானியம் கம்மி.”

“இன்னொரு கோட்டு அடிச்சா போதாதா?”

“மூணு அடிச்சாலும் நீலம் எட்டிப் பார்க்கும். வாளிக்கு மிச்சம் பிடிச்ச காசு என் கூலியில போயிடும், பரவாயில்லையா?”

அவர் சொன்ன மாவு சுண்ணாம்புக்கல் தூள். விலையைக் குறைக்க அதைக் கூட்டி டைட்டானியத்தைக் குறைப்பார்கள். ஒளிவிலகல் எண் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அவர் அந்தப் பாடத்தில் தேர்ந்தவர்.

வெள்ளைப் பொருளில்தான் டைட்டானியம் மாவு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் பிடிக்கும் மஞ்சள் குடத்துக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாமல் இருப்பதற்குக் காரணமும் இதுதான். சாயத்தோடு கொஞ்சம் வெள்ளை கலந்தால்தான் பிளாஸ்டிக் மறைக்கும். பாலியஸ்டர் நூலின் கண்ணாடிப் பளபளப்பை மட்டுப்படுத்தப் பள்ளிச் சீருடைத் துணியிலும் துளி சேர்க்கிறார்கள். நிறத்தை விற்கும் முகக்கிரீம்களில் பூசிய உடனே தெரியும் ‘பொலிவு’ பெரும்பாலும் இதன் வேலை. முகம் கழுவினால் போய்விடும். டைட்டானியம் என்றதும் விமானமும் எலும்புக்கு வைக்கும் தகடும் நினைவுக்கு வரும், ஆனால் தோண்டும் டைட்டானியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்கு உலோகமாவதே இல்லை. நிறமியாகத்தான் போகிறது.

சில சமயம் அது சாட்சியும் சொல்லியிருக்கிறது. கொலம்பஸுக்கு முந்தைய 15ஆம் நூற்றாண்டு வரைபடம், அதில் அமெரிக்கக் கரை இருக்கிறது என்று யேல் பல்கலைக்கழகம் 1965இல் ஒன்றை உலகுக்குக் காட்டியது. 1974இல் வால்டர் மெக்ரோன் அதன் மையில் தொழிற்சாலை அனடேஸ் இருப்பதைக் கண்டார். 2021இல் யேலே அது போலி என்று ஒப்புக்கொண்டது. ஜெர்மனியின் வோல்ப்காங் பெல்ட்ராக்கி, 1914இல் வரைந்தது என்று சொல்லித் தானே வரைந்த ஓவியத்தை விற்றார். துத்தநாக வெள்ளை என்று நம்பி அவர் வாங்கிய குழாயில் டைட்டானியமும் கலந்திருந்தது. 2011இல் 6 ஆண்டு சிறை.

டைட்டானியம் வெள்ளைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளிச்சுவரில் கை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதே, அது. புற ஊதாக் கதிர் பட்டதும் அனடேஸ் பக்கத்திலிருக்கும் நீரையும் ஆக்சிஜனையும் தூண்டிவிட்டு, தன்னைப் பிடித்துவைத்திருக்கும் பெயின்ட் பசையையே அரித்துவிடும். அதனால் வெளிச்சுவருக்கு ரூட்டைலை எடுத்து, ஒவ்வொரு துகளுக்கும் சிலிகா, அலுமினா உறை போட்டுத் தருகிறார்கள். பெயின்ட் தயாரிப்பவர்கள் தலைவலி என்று நினைத்த இதே குணத்தை 1967இல் டோக்கியோவில் அகிரா பியூஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர் வேறு கண்ணோடு பார்த்தார். ரூட்டைல் படிகத்தை நீரில் வைத்து ஒளி பாய்ச்சினார். நீர் பிரிந்து குமிழி வந்தது. அவரும் ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972இல் அதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வெயிலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கனவு இன்னும் கனவாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுக்கைத் தானே அரித்து, மழையில் தானே கழுவிக்கொள்ளும் ஓடுகளும் கண்ணாடிகளும் அதிலிருந்து வந்தன. ரோமில் 2003இல் திறந்த ஜூபிலி தேவாலயத்தின் வெள்ளைச் சிமெண்டில் இது கலந்திருக்கிறது.

கடைசியில் வயிறு. நீரில் கரையாது, சாதாரண அமிலத்தில் கரையாது, 1,800 டிகிரிக்கு மேல்தான் உருகும். இவ்வளவு மந்தமான பொருள் உடம்பை என்ன செய்யப் போகிறது என்று மிட்டாயிலும் சூயிங்கத்திலும் மாத்திரைப் பூச்சிலும் சேர்த்தார்கள். உணவுச் சேர்க்கை எண் 171. ஆனால் அதில் ஒரு பகுதி மிகச்சிறிய துகளாக இருக்கிறது. பிரான்ஸ் 2020இல் உணவில் தடுத்தது. மரபணுவுக்குத் தீங்கு செய்யாது என்று உறுதிசொல்ல முடியவில்லை என 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்ல, 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் உணவில் தடை வந்தது. மருந்துகளில் மட்டும், மாற்று எளிதில் கிடைக்காததால், விட்டுவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உணவின் எடையில் 1 சதவீதம் வரை அனுமதி. இந்தியாவிலும் குறிப்பிட்ட சில உணவுகளில் அனுமதி உண்டு.

எனக்கு இதில் குழப்பமில்லை. சுவருக்கு இதைவிட நல்ல வெள்ளை இன்றுவரை கிடைக்கவில்லை. ஈயத்திலிருந்து பெயின்டர்களைக் காப்பாற்றியதற்கே அதற்கு நன்றி சொல்லலாம். தின்பண்டத்தில் அது ருசி தருவதில்லை, சத்து தருவதில்லை, கெடாமலும் காப்பதில்லை. பார்வைக்கு வெளுப்பாக இருக்க மட்டுமே சேர்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கும்போது உறையைத் திருப்பி 171 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேறு வாங்குங்கள். பற்பசையிலும் கிரீமிலும் அதே பொருள் சி.ஐ. 77891 என்ற எண்ணில் இருக்கும்.